குடல் பேசும் மொழி

நுழையும்முன்

உணவைச் செரிக்கும் குழாய் என்றே குடலை நெடுங்காலம் எண்ணியிருந்தோம். குருதியிலுள்ள சர்க்கரையை ஆள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. உடல் எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை இவ்வுண்மையை மருத்துவ உலகிற்குத் தெளிவாக உணர்த்தியது. அதை விளக்குகிறது இப்பாடம்.

மாறிய நிலமும் மாறிய உணவும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் முன்பு சோளமும் கம்பும் வரகும் விளைந்தன. விளைந்தவையே வீட்டு உணவாகவும் இருந்தன. இன்று அந்நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் மிகுந்துள்ளன. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனமாகிறது. உண்கலத்திலோ அரிசிச்சோறு நிறைந்திருக்கிறது. உடலுழைப்பும் குறைந்து வருகிறது. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவுக்கான மாத்திரைகளை வீடு தேடிச் சென்று வழங்குகின்றனர். இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு தெரிவிக்கிறது. நீரிழிவு என்றவுடன் நாம் கணையத்தையே நினைக்கிறோம். ஆனால், கணையத்திற்கு ஆணையிடும் உறுப்புகளுள் குடலும் ஒன்று.

முதல் தூதுவன்

1902ஆம் ஆண்டு இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். நாயின் குடற்பகுதி ஒன்றுக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பு இல்லாதபோதும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. குடலிலிருந்து ஒரு வேதிப்பொருள் குருதிவழியே சென்று கணையத்தைத் தூண்டியதை அவர்கள் உணர்ந்தனர். அப்பொருளுக்குச் ‘செக்ரிடின்’ எனப் பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பொதுப்பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். அப்பெயர் தோன்றக் காரணமான ஆய்வே குடலில்தான் நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது.

1960களில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. குளுக்கோஸை நரம்பூசி வழியாக ஏற்றும்போது சுரக்கும் இன்சுலினைவிட, வாய்வழியாக உட்கொள்ளும்போது சுரக்கும் இன்சுலின் மிகுதி. குருதியில் சர்க்கரை ஏறும் அளவு ஒன்றாக இருந்தாலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. உணவு வந்த செய்தியைக் குடல் கணையத்திற்கு அறிவிப்பதே இதற்குக் காரணம். அவ்வாறு அறிவிக்கும் ஹார்மோன்களுள் ஒன்று ‘ஜிஎல்பி-1’. இது சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதியாகச் சுரக்கிறது, இன்சுலினைத் தூண்டுகிறது, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானை அடக்குகிறது, இரைப்பை காலியாகும் விரைவைக் குறைக்கிறது, ‘போதும்’ என்னும் உணர்வை மூளைக்கு ஊட்டுகிறது.

எதிர்பாராத விளைவு

மிகுந்த உடற்பருமன் உடையோருக்கென, இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கினார். இன்றைய முறையில், இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு குறைந்தால் எடை குறையும் என்பதே நோக்கம். ஆனால், எடை குறைவதற்கு முன்பே, சில நாள்களிலேயே பலருடைய குருதிச் சர்க்கரை இயல்புநிலைக்கு வந்தது. இதை அமெரிக்க மருத்துவர் வால்டர் போரிஸும் அவருடைய குழுவினரும் 1995இல் விரிவாகப் பதிவு செய்தனர்.

இதற்குக் காரணங்கள் பல. உண்ணும் அளவு சட்டெனக் குறைவதால் கல்லீரலின் சுமை குறைகிறது. உணவு சிறுகுடலின் கடைப்பகுதியை விரைந்து அடைவதால் ஜிஎல்பி-1 பன்மடங்கு சுரக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய்போல் ஆக்கும் மற்றொரு முறையில், பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் ஹார்மோனும் குறைகிறது. அதைச் சுரக்கும் பகுதியே நீக்கப்படுவதுதான் இதற்குக் காரணம்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ‘கிலா’ என்னும் நச்சுப்பல்லியின் உமிழ்நீரில் ஜிஎல்பி-1ஐப் போலச் செயல்படும் ஒரு பொருள் உள்ளது. அதை அடிப்படையாகக் கொண்ட நீரிழிவு மருந்து 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குடலின் மொழியைப் பின்பற்றும் மருந்துகள் இன்று பல உள்ளன.

கத்தியின் எல்லை

இச்சிகிச்சை நோயை வேரோடு அகற்றிவிடுகிறதா? உடற்பருமனும் கட்டுப்படாத நீரிழிவும் உடைய 150 பேரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஓராண்டு முடிவில், மாற்றுவழி அறுவைச் சிகிச்சை பெற்றோருள் 42 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் பெற்றோருள் 12 விழுக்காட்டினரும் சர்க்கரைக்கான இலக்கை எட்டினர். ஐந்தாண்டுகளுக்குப் பின் இவை முறையே 29, 5 விழுக்காடாகக் குறைந்தன. அறுவைச் சிகிச்சையின் பயன் உண்மையானது. எனினும், அது எல்லார்க்கும் நிலைப்பதில்லை. ஆகவே, ‘குணமாயிற்று’ என்பதைவிட ‘தணிந்திருக்கிறது’ என்பதே பொருத்தமான சொல்லாகும். மேலும், இச்சிகிச்சை பெற்றோர் இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு நேராதவாறு வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கப்பட வேண்டும். இது வேண்டுவோர்க்கெல்லாம் செய்யப்படுவதும் அன்று. உடல் நிறை எண், நோயின் நிலை, உடலின் தாங்குதிறன் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்வார். நம் நாட்டில் மெலிந்த தோற்றம் உடையோர்க்கும் நீரிழிவு வருவதால், கத்தியால் தீரும் சிக்கலாக இதனைக் கருத இயலாது.

நமக்கான பாடம்

அறுவைச் சிகிச்சை சிலருக்கே உரியது. அது கற்பித்த பாடமோ எல்லார்க்கும் உரியது. எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம், எத்துணை விரைவாக உண்கிறோம் என்பவற்றையெல்லாம் குடல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நார்ச்சத்து மிகுந்த முழுத்தானியம் மெல்லச் செரிப்பதால் சர்க்கரை சீராக ஏறுகிறது. காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்பதும் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை அளவறிந்து உண்பதற்கே வள்ளுவர் ஒதுக்கியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

தணிந்த நோய் சிலருக்கு மீண்டும் வருவது ஏன்? மெலிந்தவரையும் அது பற்றுவது ஏன்? இவ்வினாக்கள் ஆராயப்பட்டு வருகின்றன. அரியலூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. சோளக்கொல்லைகளைக் கண்டு வளர்ந்த மாணவர் ஒருவர் அங்கிருந்து இவற்றுக்கு விடை காணும் நாள் வரலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மூத்தோரிடம் உரையாடி, அவர்தம் இளமைக்கால உணவையும் உங்கள் இன்றைய உணவையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ‘குணமாயிற்று’, ‘தணிந்திருக்கிறது’ – இவ்விரு சொற்களின் பொருள் வேறுபாட்டைப் பாடக் கருத்துடன் பொருத்தி விளக்குக.