எண்ணிக்கை மட்டும் எதிர்ப்பு சக்தி ஆகாது

நம்பிக்கை: ரத்தத்தில் வெள்ளையணு எவ்வளவு கூடுதலோ, உடம்புக்கு அவ்வளவு பாதுகாப்பு.

உண்மை: பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு. லூக்கோசைட் அடீஷன் டெஃபிஷியன்சி என்ற அரிய பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இது 20,000, 50,000 என்று ஏறி நிற்கும். ஆனாலும் சாதாரணத் தொற்றே அந்தக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் விழவேண்டிய தொப்புள்கொடி, மூன்று நான்கு வாரம் ஆகியும் விழாமல் இருக்கும். தொப்புளைச் சுற்றிப் புண் சிவந்து பரவும். சீழ் மட்டும் வராது. சீழில் பெரும்பகுதி, கிருமியோடு போராடி மடிந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள்தான். இங்கே அவை புண்ணுக்கு வந்து சேரவே இல்லை.

ஏன் வரவில்லை? வேகமாக ஓடும் ரத்தத்தில் போகிற அணு, புண்ணுக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். அங்கே ரத்தக்குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற புரதம் தலைகாட்டும். அதில் பட்டுப் பட்டு அணு வேகம் குறைந்து உருளும். சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற சிறு புரதம் சேதி சொன்னதும், அணுவின் மேலிருக்கும் இன்டெக்ரின் புரதம் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றும். அதற்குப் பிறகுதான் அணு நெளிந்து, சுவரைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கும். இந்தக் குழந்தைகளிடம் இன்டெக்ரினின் ஒரு பாதியான சிடி18 பழுது. அணு உருளும், பற்றிக்கொள்ள முடியாமல் ரத்தத்தோடு போய்விடும். அதனால்தான் எண்ணிக்கையும் ரத்தத்திலேயே குவிகிறது. கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கிற நம் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு சற்று கூடுதல். கொடி விழாமல் தொற்றும் சேர்ந்திருந்தால் ‘பார்த்துக்கலாம்’ என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: வெள்ளையணு கவுண்ட் ஏறினால் தொற்று, இறங்கினால் அணுக்கள் அழிகின்றன.

உண்மை: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால், குழாய்ச் சுவரோரம் தங்கியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்தில் சேரும், மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வெளிவரும். தொற்றே இல்லாமல் கவுண்ட் ஏறிவிடும். ரிப்போர்ட்டைக் காட்டும்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபிங்கோலிமாட் இதற்கு நேர் எதிர். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் நிணநீர் முடிச்சை விட்டு வெளியேற, அவற்றின் மேலிருக்கும் ஓர் ஏற்பிப் புரதம் வழி காட்ட வேண்டும். இந்த மருந்து அந்தப் புரதத்தை மேற்பரப்பிலிருந்து உள்ளிழுக்க வைக்கிறது. ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை சரிந்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முடிச்சுக்குள் உயிரோடுதான் இருக்கின்றன.

நம்பிக்கை: நோயெதிர்ப்பு அணுக்கள் நெடுநாள் வாழ்ந்தால் நல்லது.

உண்மை: வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை சாக வேண்டும். 1988இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் பிசிஎல்-2 என்ற மரபணு, அணுக்களைப் பெருக்குவதற்குப் பதிலாகச் சாகவிடாமல் காப்பதைக் கண்டார்கள். இந்த மரபணு தரும் புரதம் மிகுந்துபோனால் சாகவேண்டிய பி லிம்போசைட்டுகள் தங்கிவிடும். சில ரத்தப் புற்றுநோய்களுக்கு அதுவே அடிப்படை. இந்தப் புரதத்தைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் 2016இல் மருந்தாக வந்தது.

அணுக்களின் சாவுக்கு உத்தரவு தரும் ஃபாஸ் என்ற புரதம் பிறவியிலேயே பழுதான குழந்தைகளும் உண்டு. கழுத்தில் நெறி கட்டி மாதக்கணக்கில் கரையாது, மண்ணீரல் வீங்கும், தன் சிவப்பணுக்களையும் பிளேட்லெட்டுகளையும் உடம்பே தாக்கும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் எந்தப் பவுடரும் இந்தக் குழந்தைகளுக்கு உதவாது. அவர்களில் பலருக்குத் தரப்படும் சிரோலிமஸ், நோயெதிர்ப்பை அடக்குகிற மருந்து.