பார்த்த பறவையை வரை

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

பங்குனியில் விடுதியில் பறவை ஓவியத் திருவிழா நடத்தப் போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நோட்டீஸ் ஒட்டினால் வருகிற படங்களில் முக்கால்வாசி மயிலாகத்தான் இருக்கும். மிச்சம் கிளி, அன்னம், வெள்ளைப் புறா. இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டே பிழைத்தவன் நான். மயில், கிளி, அன்னம், இருதலைப்பட்சி ஆகிய நாலையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியே பார்டரும் முந்தானையும் முடித்திருக்கிறோம். தாளில் அன்னத்தின் கழுத்து படிக்கட்டு மாதிரி கோணலாகத்தான் இருக்கும். ஜக்கார்டில் ஏறி, ஜரிகையில் இறங்கிய பிறகுதான் அது வளைவாகத் தெரியும். மயில்கண், குயில்கண் என்று சேலைக் கோலத்துக்கே பறவைப் பெயர் வைத்த ஊர் இது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் காலை கருட சேவை. அன்ன வாகனமும் உண்டு. ஆக, பறவையைக் கலையாக்கிக் கொண்டாடுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை.

ஆனால் நம் கலையில் வருகிற பறவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் போடும் அன்னத்துக்கு மயிலுக்குப் போட்டியாக ஒரு வால் இருக்கும். அப்படி ஒரு பறவை எந்தக் குளத்திலும் நீந்தவில்லை. பட்டைத்தலை வாத்தைத்தான் பழைய நூல்கள் அன்னம் என்றன என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. அது இமயமலையைத் தாண்டி, குளிர்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வந்து போகிறது. அதைப் பார்த்துப் போட்ட பார்டர் எதையும் நான் கண்டதில்லை. ஏரியில் நிற்கிற மற்றப் பறவைகளுக்கும் அதே கதிதான். சேலையிலும் இடமில்லை, காலண்டரிலும் இடமில்லை.

பார்த்து வரைந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 1612இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு ஒரு வான்கோழி வந்தது. அதுவரை அவர் கண்டிராத பறவை. எழுதி வைத்தால் போதாது என்று ஓவியரை அழைத்து வரையச் சொன்னார். ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கின் படம் இன்றும் இருக்கிறது. அந்தக் கொக்கு பரத்பூருக்கு வருவது 2002க்குப் பிறகு நின்றுபோய்விட்டது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒருவர் உண்டு. எலிசபெத் குவில்லிம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1801இல் சென்னைக்கு வந்தார். கணவர் இங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதி. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்து கொடுத்த பறவைகளைப் பார்த்து அவர் வரைந்தார். 1807இல் இங்கேயே இறந்துபோனார். பெரிய நாரையைக்கூட உள்ள அளவிலேயே வரைந்திருக்கிறார். இறக்கை இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், எண்ணிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஆடுபன் உள்ள அளவுப் பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கியது 1827இல்தான். ஆனால் பேரெல்லாம் ஆடுபனுக்கே போயிற்று. குவில்லிமின் படங்கள் 1924இல் லண்டனில் ஒருவர் கண்ணில் பட்டு, இப்போது கனடாவில் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சென்னைப் பறவைகளைப் பார்க்க மான்ட்ரியல் போகவேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். உன் விடுதி இருக்கிற வல்லம் வடகாலில் பறவை எங்கே மாமா என்று கேட்டாய். 18,720 பெண்கள் தங்கலாம் என்று கட்டிய விடுதியிலிருந்து பார்த்தால் கட்டடமும் கண்டெய்னர் லாரியும்தான் முதலில் தெரியும். ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார். மின்கம்பியில் இரட்டைவால் குருவி இருக்கும். இன்னும் கம்பெனி வராமல் சரளை கொட்டிக் கிடக்கிற சிப்காட் தொழிற்பேட்டை மனைகளில் ஆள்காட்டி இருக்கும். மாசி, பங்குனியில் அது முட்டையிடத் தொடங்கும். கூடு என்று எதுவும் கிடையாது. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கல், நடுவில் பெரும்பாலும் நாலு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு கிடப்பதால் பக்கத்தில் நின்றாலும் முட்டை எது, சரளை எது என்று தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமடித்தால் நீ கிட்டே போய்விட்டாய் என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடு. படம் முக்கியமில்லை.

ஏரிக்கரையில் மடையானைப் பார். சேற்றில் நிற்கும்போது பழுப்புக் கோடுகளோடு மண்ணாகவே தெரியும். எழும்பிப் பறந்தால் இரண்டு இறக்கையும் பளீரென்று வெள்ளை. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் முதுகு அரக்கு நிறமாகிவிடும். ஒரே பறவைக்கு மூன்று படம் போடலாம். நத்தைகுத்தி நாரையின் மூக்கை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். படம் போடுகிறவர்கள் அதைப் பிழை என்று நினைத்து ஒட்டிவிடுகிறார்கள். இளம் பறவைக்கு மட்டும் அந்தச் சந்து இருக்காது.

வரைகிற முறை இதுதான். கண்ணையும் இறகையும் கடைசிக்குத் தள்ளு. முதலில் உடம்பை ஒரு முட்டை வடிவமாகப் போடு. அது படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று சாய்வைப் பிடி. பிறகு மூக்கின் நீளத்தை அளவுகோலாக வைத்துக்கொள்: கழுத்து எத்தனை மூக்கு, கால் எத்தனை மூக்கு என்று கண்ணாலேயே அள. கால் உடம்பின் நடுவில் இறங்குகிறதா, பின்னால் தள்ளியா என்று பார். நீர்க்காகத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பதால்தான் அது தரையில் அப்படி நிமிர்ந்து நிற்கிறது. பின்பக்கமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைத்து வரையாதே. அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.

பாதியில் பறவை திரும்பிவிடும். அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்கு. கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வரும், அப்போது முதல் படத்தைத் தொடரலாம். கலர் பென்சில் வேண்டாம். நிறத்தை ஓரத்தில் எழுத்தாலேயே குறித்துக்கொண்டு அறைக்கு வந்து தீட்டு. போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைகிறேன் என்பவர்களை நான் சேர்க்கமாட்டேன். போட்டோ ஒரு நொடியைத்தான் காட்டும், பறவை எப்படி நிற்கும் என்று கைக்குச் சொல்லித்தராது. மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், காட்டுயிர்ப் படம் எடுப்பதில் பெரிய கை. அவரே 1950 முதல் 1996இல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிய பத்திக்குத் தன் கையாலும் படம் வரைந்தார்.

வார விடுமுறை ஒன்றில் நாலைந்து பேராக வேடந்தாங்கல் போய் வாருங்கள். வெறும் 30 ஹெக்டேர் ஏரி. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். ஏரி 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பங்குனி பிறப்பதற்குள் போனால் நல்லது, பிறகு கூட்டம் கலையத் தொடங்கும். கரையில் நின்றே மரத்தில் இருக்கிற கூடுகள் தெரியும். மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சு வளர்ந்து தாய் உயரத்துக்கு நிற்கும், நிறம் மட்டும் மங்கலாக இருக்கும். தாயையும் குஞ்சையும் ஒரே தாளில் வரைந்தால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வரையவே தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கோலம் போடச் சொல். புள்ளி வைத்து மயிலும் அன்னமும் போட்ட கைக்கு ஆள்காட்டியும் நாரையும் வரும். எங்கள் கிராப் தாளும் அந்தப் புள்ளிக் கணக்கும் ஒரே குடும்பம்தான். ஒரு முற்றம் முழுக்க ஏரிப் பறவைக் கோலம் இருந்தால் அதுவே திருவிழாவின் சிறப்பாகிவிடும். குயில் பாட்டு வைக்க நினைத்தால் வை, ஆனால் கூவுகிற குயில் கறுப்பான ஆண் என்பதையும், பெண்ணுக்கு உடம்பெல்லாம் புள்ளி என்பதையும் ஒரு அட்டையில் எழுதி மாட்டு. பாட்டு எழுதுகிறவர்கள் அதைக் கேட்பதாயில்லை.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் படங்களில் இடமும் தேதியும் இருந்தால் வருகிற பொங்கலுக்கு நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளலாம்.

பரிசு கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நோட்டீசில் மட்டும் இதைப் பெரிய எழுத்தில் போடு: வரைந்தவர் நேரில் பார்த்த பறவையாக இருக்க வேண்டும், இடம், தேதி, நேரம் எழுதாத படம் சேர்க்கப்படாது. மயிலைப் பார்த்திருந்தால் மயிலும் வரட்டும்.

அன்புடன்,
மாமா