அணுக் கடிகாரத்தின் முதுமை

கீரமங்கலம் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழுது நீக்கிய கடிகாரத்தை அவர் உடனே தந்துவிட மாட்டார். நன்றாக ஓடும் வேறொரு கடிகாரத்தின் அருகில் இரண்டு நாள் தொங்கவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்த்த பின்னரே கையில் கொடுப்பார். ஏன் இந்தத் தாமதம் என்று ஒருமுறை வினவினோம். "சரியா ஓடுறோமா தப்பா ஓடுறோமான்னு அதுக்கே தெரியாதுல்ல, தம்பி" என்றார். அணுக் கடிகாரங்களைப் பற்றி நாம் எழுத எண்ணியதற்கு அச்சொல்லே தூண்டுதல்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனக் கேட்போர் இருக்கலாம். கன்னல் என்னும் நீர்க்கலத்தைக் கொண்டு நாழிகை கணக்கிட்டு அரசனுக்கு அறிவித்தோரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. அக்கலத்தின் துளை அடைபட்டாலும் தேய்ந்து அகன்றாலும் நாழிகை பிழைபடும். எனவே பொழுதளக்கும் கருவியைக் காப்பதும் ஒரு தொழிலாகவே நம் நாட்டில் இருந்திருக்கிறது. நீர் சொட்டிய இடத்தில் இன்று அணு நிற்கிறது. கருவி மூப்பது மட்டும் மாறவில்லை.

ருபீடியம் என்னும் உலோகத்தை 1861இல் பன்சன், கிர்க்காஃப் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் நிறமாலையின் வழியே கண்டறிந்தனர். அந்நிறமாலையில் தோன்றிய கருஞ்சிவப்புக் கோடுகளே இலத்தீன் மொழியில் அதற்குப் பெயராயின. ஏறத்தாழ 39 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும் மென்மையான உலோகம் அது. சித்திரை வெயிலில் நம் ஊர் முற்றத்தில் வைத்தால் உருகிவிடும் எனலாம். ஆனால் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் இயல்புடையதாதலால் அதனை முற்றத்தில் வைப்பார் இலர்.

இவ்வுலோகத்தின் ருபீடியம்–87 என்னும் வகை அணு, நொடிக்கு ஏறத்தாழ 683 கோடியே 46 இலட்சம் முறை அதிரும் நுண்ணலையை மட்டுமே தனக்குரியதாக ஏற்கும். கருவிக்குள் சிறு கண்ணாடிக் குமிழ் விளக்கொன்று ருபீடிய ஒளியை உமிழ்கிறது. அவ்வொளி ருபீடிய ஆவி நிறைந்த மற்றொரு கண்ணாடிச் சிமிழின் ஊடே சென்று ஓர் ஒளியுணரியை அடைகிறது. சிமிழுக்குள் செலுத்தும் நுண்ணலை அணுவுக்குரிய அதிர்வெண்ணோடு பொருந்தும்போது உணரியை எட்டும் ஒளி சற்றே மங்கும். அந்த மங்கலை விடாது பற்றிக்கொண்டு, குவார்ட்சுப் படிகத்தின் அலைவை மின்சுற்று திருத்திக்கொண்டே இருக்கும். படிகம்தான் ஓடுகிறது, அணு அதற்கு வழிகாட்டுகிறது.

இங்கு மாணவரிடையே பரவலான ஒரு பிழையைக் களைதல் வேண்டும். அணுக் கடிகாரம் என்றவுடன் அது கதிரியக்கத்தால் இயங்குவதாகவும், அக்கதிரியக்கம் தீர்ந்தால் கருவி நின்றுவிடும் என்றும் பலர் கருதுகின்றனர். ருபீடியம்–87 மிக மெல்லிய கதிரியக்கம் உடையதே. எனினும் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள்; பேரண்டத்தின் வயதைவிட மிகுதி. கடிகாரத்தின் இயக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அணு மூப்பதில்லை; அணுவைச் சுற்றி நாம் கட்டிய வீடுதான் மூக்கிறது.

அவ்வீட்டில் முதலில் தளர்வது விளக்கு. அதிலுள்ள ருபீடியம் மிகச் சிறிதளவே. எரிய எரிய அது கண்ணாடிச் சுவரினுள் சிறிது சிறிதாக ஊறிக் குறைகிறது, ஒளியும் குன்றுகிறது. சில வேளை உலோகம் குறையாமலே இடம் மாறி, ஒளி வெளிவரும் பக்கத்தில் படலமாகப் படிந்துவிடும். இத்தகைய விளக்கை மெல்லச் சூடாக்கி, உலோகத்தை மீண்டும் உரிய இடத்துக்கு ஓட்டி, உயிர்ப்பிப்பார் உளர். ஆவிச் சிமிழும் மாறாதிருப்பதில்லை. காற்றில் நுண்ணளவில் உள்ள ஹீலியம் கண்ணாடியின் ஊடே உள்ளே புகுந்து, சிமிழின் அழுத்தத்தை மாற்றி, அதிர்வெண்ணை ஓரிழை நகர்த்திவிடும். மின்சுற்றில் உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தால் உலர்ந்துபோகும். பத்துப் பாகை வெப்பம் குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது மின்னணுவியலார் கொள்ளும் பொதுக் கணக்கு.

1960களிலிருந்தே விற்பனைக்கு வந்த இக்கருவிகளுள் பழையன பல, தொலைத்தொடர்பு நிலையங்களிலிருந்து கழற்றப்பட்டு ஆய்வுக்கூடங்களையும் ஆர்வலர் கைகளையும் அடைந்துள்ளன. அவற்றைப் பேணுவோர் முதலில் கவனிக்க வேண்டியது அடித்தட்டின் சூடு. கருவியைக் கனத்த அலுமினியத் தகட்டின்மேல் இறுகப் பொருத்தி, வெப்பம் வடிய வழிசெய்தல் வேண்டும். தேவையற்ற நாள்களில் அணைத்து வைத்தால் விளக்கின் ஆயுள் எஞ்சும். அணுவோடு பிணைப்பு விழாத கருவியை இறந்தது என்று எறிந்துவிடுவோர் உண்டு. நாம் அதனை ஏற்பதில்லை. பல நேரங்களில் விளக்கு நன்றாகவே இருக்கும், படிகம் மட்டும் வயதால் விலகித் திருத்த எல்லைக்கு அப்பால் போயிருக்கும். ஒரு சிறு திருகைத் திருப்பினால் போதும்.

பிணைப்பு விழுந்துவிட்டது என்பதனாலேயே நேரம் சரி என்று கொள்ளவும் இயலாது. பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.86 மைக்ரோநொடி விலகும். செயற்கைக்கோளின் நேரத் துடிப்போடு நாள்கணக்கில் ஒப்பிட்டு, விலகலைக் குறிப்பேட்டில் எழுதி வந்தாலன்றி அது புலப்படாது. கடைத்தெருப் பெரியவர் இரண்டு நாள் தொங்கவிடுவதும் இதுவே.

ஒளி ஒரு மைக்ரோநொடியில் ஏறத்தாழ 300 மீட்டர் செல்லும். இந்த எண் நம் மாவட்டத்துக்கு அயலானதன்று. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் பாக் நீரிணையில் எல்லைக்கோடு எங்கே என்று அறிவது செயற்கைக்கோள் காட்டும் இடத்தைக் கொண்டுதான். கோளின் கடிகாரத்தில் மேற்சொன்ன ஒரு நாள் விலகலைத் திருத்தாது விட்டால், அக்கோளின் தொலைவைக் கணிப்பதில் 260 மீட்டர் பிழை நேரும். எனவேதான் தரைநிலையங்கள் ஓயாது ஒப்பிட்டுத் திருத்த அளவுகளை மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நின்றுபோன கடிகாரத்துக்குத் திருத்தம் அனுப்ப முடியாது.

அது நம் நாட்டிலேயே நேர்ந்தது. நாவிக் எனப் பின்னர் பெயர்பெற்ற இந்திய வழிகாட்டல் அமைப்பின் முதற்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.–1ஏ 2013 ஜூலை 1இல் ஏவப்பட்டது. பத்தாண்டு உழைக்க வேண்டிய அக்கோளில் அயல்நாட்டிலிருந்து வாங்கிய மூன்று ருபீடியம் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று என்பதே ஏற்பாடு. மூன்றும் பழுதாயின என்னும் செய்தி 2017 தொடக்கத்தில் வெளிவந்தது. அதே மாதம் ஐரோப்பியரும் தம் கலிலியோ கோள்களில் மூன்று ருபீடியம் கடிகாரங்கள் நின்றதைத் தெரிவித்தனர். மேசைமேல் உள்ள கருவிக்கு விளக்கைச் சூடாக்கலாம், திருகைத் திருப்பலாம். விண்ணில் அதற்குக் கை எட்டாது. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31இல் அனுப்பிய கோள், வெப்பக் கவசம் பிரியாமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12இல் ஏவிய 1ஐ கோளே உரிய இடத்தை அடைந்தது.

அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ருபீடியம் கடிகாரம், 2023 மே 29இல் என்.வி.எஸ்.–01 கோளில் முதன்முதலாக விண்ணேறியது. கடிகாரம் இழந்த பழைய கோள்கள் சிலவும் அடியோடு கைவிடப்படவில்லை. இடங்காட்டும் பணியிலிருந்து விலக்கி, ஒருவழிச் செய்தி பரப்புவதற்கு அவற்றைப் பயன்படுத்தியிருக்கின்றனர்.