கொடைக்கானலில் மழை எத்தனை மணிக்கு?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மே மாத விடுமுறையில் எல்லோருமாகக் கொடைக்கானல் வருவதாக முடிவு செய்து, அறைக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் போனைத் திறந்தால் ஐந்து நாளுக்கும் மேகமும் மின்னலும் போட்ட படம்தான் வருகிறது, பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாக வாருங்கள். மே மாதத்தில் எந்த வாரத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்த ஊருக்குப் பெரும்பாலும் அதே படம்தான் வரும். படத்தில் தவறில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தையும் ஒரு படத்துக்குள் அடைத்துவிடுவதால் வரும் குழப்பம் இது. மழை வருமா என்று மட்டும் கேட்டால் போன் வரும் என்றுதான் சொல்லும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு என்று கேட்கப் பழகிவிட்டால் அதே அறிக்கையிலிருந்து ஒரு முழு நாளுக்குத் திட்டம் போடலாம். வீட்டில் போனைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பு உன்னிடம் இருக்கிறது, பாட்டியும் உன் சொல்லை நம்பித்தான் கிளம்புவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்கே ஒரு கோடை நாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். விடியற்காலையில் 12, 13 டிகிரி இருக்கும். ஏரியின் மேல் புகை போல ஆவி எழும். இரவெல்லாம் சுற்றியுள்ள சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், பள்ளத்தில் இருக்கும் ஏரியை நோக்கி இறங்குகிறது. தண்ணீரோ பகலில் வாங்கிய சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. வெதுவெதுப்பான நீரின் மேல் குளிர்ந்த காற்று படும்போது அந்த ஆவி எழுகிறது. ஏழரை, எட்டு மணிக்குள் வெயில் அதை அழித்துவிடும். பத்து மணி வரை வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். பதினொரு மணிவாக்கில் தெற்கே பள்ளத்தாக்கின் விளிம்பில் பஞ்சுப் பஞ்சாக மேகம் தலைகாட்டும். ஒரு மணிக்கு, பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டிய கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் கீழே இருப்பது எதுவும் தெரியாது. இரண்டு மணிக்கு மேல் மேகம் கறுக்கும். ஏரிக்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்பவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதைப் பார்க்கலாம். மூன்றிலிருந்து ஆறுக்குள் இடியோடு ஒரு மழை. பல நாட்களில் இருட்டுவதற்குள் வானம் மறுபடி வெளுத்துவிடும். தினமும் இதே கிரமத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலான நாட்களின் போக்கு இதுதான்.

இதற்குக் காரணம் மலை மேல் இல்லை, நீ இருக்கும் மதுரைச் சமவெளியில் இருக்கிறது. கத்திரி வெயிலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி லேசாகிறது. வெயில் பட்ட மலைச்சரிவு அதற்கு ஏணியாக அமைய, பள்ளத்தாக்குகளின் வழியாகக் காற்று மேலேறுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. மேகம் உண்டாகாதவரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். இடையில் இரண்டு கிலோமீட்டர், அதாவது 20 டிகிரி. மதுரையில் நண்பகல் 39 என்றால் இங்கே 20-ஐ ஒட்டி இருப்பதன் கணக்கு இதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார். போனில் வெப்பநிலைக்குக் கீழே ‘பனிப்புள்ளி’ என்று ஓர் எண் இருக்கும். காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாக மாறுவதற்கு அந்தக் காற்று எத்தனை டிகிரி வரை குளிர வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்ப்பது அந்த எல்லையைத் தாண்டியதால்தான். வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து 125-ஆல் பெருக்கினால், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பாகம் உருவாகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். மதுரையில் 38 டிகிரி, பனிப்புள்ளி 22 என்று வைத்துக்கொள். வித்தியாசம் 16. அதை 125-ஆல் பெருக்கினால் 2,000 மீட்டர். கொடைக்கானல் இருக்கும் உயரம் கிட்டத்தட்ட அதே! நீ மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் மேகத்தின் அடிப்பகுதிதான் இங்கே தெருவுக்குள் நுழைகிறது. சுற்றுலா வருகிறவர்கள் பனிமூட்டம் என்று படமெடுத்துக்கொள்வது மேகத்தைத்தான்.

மேகம் உருவானதோடு மழை வந்துவிடாது. கோடையில் வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் தமிழ்நாட்டின் உட்பகுதியில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு வலுவாக அமைகிற நாளில் மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து இடிமழையாகக் கொட்டும். அமையாத நாளில் மூட்டமாகவே நின்று கலைந்துபோகும். அறிக்கையில் ‘வெப்பச் சலனம்’, ‘வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி’, ‘காற்றின் திசை மாறுபடும் பகுதி’ என்றெல்லாம் வருவது இதைத்தான் சொல்கிறது. இனி அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடாதே. மழை வரும் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் மற்றச் சொற்களுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை. ‘ஒருசில இடங்கள்’ என்றால் பாதி வரை, ‘அநேக இடங்கள்’ என்றால் முக்கால் வரை, அதற்கு மேல் போனால் ‘பெரும்பாலான இடங்கள்’. கனமழை என்பது ஒரு நாளில் ஏறக்குறைய 7 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை. மிக கனமழை 12 முதல் 20 வரை. அதற்கும் மேலே அதி கனமழை. ஒரு நாள் என்பதும் நள்ளிரவில் தொடங்குவதல்ல, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறார்கள்.

‘திண்டுக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை’ என்று படித்தால் உடனே ஒரு கேள்வி எழ வேண்டும்: மாவட்டத்தில் எங்கே? இந்த மாவட்டத்துக்குள் வேடசந்தூரின் காய்ந்த நிலமும் உண்டு, பழனியின் வயலும் உண்டு, கொடைக்கானலின் மலையும் உண்டு. கோடையில் அந்த ‘ஓரிரு இடம்’ மலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். போன் செயலிக்கும் இதே சிக்கல். கணினி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி போடுகிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் 20 கிலோமீட்டர்கூட இல்லை. உயரத்திலோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். கட்டம் பெரிதாக இருந்தால் இரண்டு ஊரும் ஒன்றாகக் கலந்துவிடும். முன்பு 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்து, 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ என்ற புதிய மாதிரியைக் கொண்டுவந்தது. மலை நாட்டுக்காரர்களான எங்களுக்கு அது நல்ல சேதி. ஆனாலும் ஓர் இடிமேகம் எந்த மேட்டின் மேல் வெடிக்கும் என்பதை மூன்று நாள் முன்னதாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே ஐந்து நாள் அறிக்கையைப் பொதுப் போக்குக்காகப் பார். அன்றைய திட்டத்துக்கு அன்று காலை அறிக்கையைப் பார். மதியத்துக்கு மேல் ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று வரும் அறிவிப்பை நம்பு.

வானத்தை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற ஆசைக்கு இந்த ஊரில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். 1876-ல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமா என்று ஆராயச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற யோசனை அதன் பின் வலுப்பெற்றது. வானியலாளர் மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுக்க, 1899-ல் இங்கே சூரிய ஆய்வகம் அமைந்தது. 1901-ல் நோக்கும் பணி தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. கரும்புள்ளிகளை எண்ணிப் பருவமழையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் நிறைவேறவில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் சேர்த்த சூரியப் பதிவுகள் இன்று உலக ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருஞ்செல்வம். பட்டினியால் மாண்ட மக்களை நினைத்துத் தொடங்கிய வேலை இது. வானிலை அறிக்கையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அந்த அக்கறை இருக்கிறது. அதை அலட்சியமாகப் படிப்பது எனக்குப் பொறுக்காது.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டி உருவாக்கியது அது. பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். ஏரி இருப்பதால்தான் ஊர் குளிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்ச்சி உயரத்தால் வருவது. 60 ஏக்கர் தண்ணீரால் ஊர் முழுவதையும் குளிரவைக்க முடியாது. ஏரி மழையை வரவழைப்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏரிப்பரப்பில் நேராக விழுவது மட்டுமே 24 லட்சம் லிட்டர். அறிக்கையில் சின்னதாகத் தெரியும் எண்ணுக்கு எவ்வளவு கனம் என்று பார்த்துக்கொள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வெளியே சுற்றுவதையெல்லாம் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி நடப்பது, படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் எல்லாம் பதினொரு மணிக்குள். பிற்பகலில் அறைக்கோ கடைத்தெருவுக்கோ பக்கத்தில் இருங்கள். மலையேறுவதும் இறங்குவதும் மதியத்துக்கு முன்பே முடியட்டும். மேகம் இறங்கிய மலைப்பாதையில் எதிரே வரும் பேருந்துகூடத் தெரியாது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இருந்தால் போதும். ஆரஞ்சு என்றால் மலைப்பாதைப் பயணத்தை ஒத்திப்போடத் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் வண்டியையே எடுக்கக் கூடாது. கிளம்பும் முன் இ-பாஸ் பதிவு செய்ய அப்பாவுக்கு நினைவூட்டு. இங்கே வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் அது கட்டாயம்.

குளிர்கிறதே என்று வெயிலை நம்பிவிடாதே. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். அதோடு ஏப்ரல் நடுவில் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், மே மாதத்திலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. சூடு தெரியாமலே தோல் கறுத்து எரியும். தொப்பி வேண்டும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது. பாட்டிக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது. நனைந்தால் மாற்ற உலர்ந்த உடையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மின்னலில் மட்டும் விளையாட்டே கூடாது. மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கு. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த காருக்குள்ளோ போய்விடுங்கள். ஏரியில் இருந்தால் முப்பது எண்ணக் காத்திருக்காதே. முதல் இடி கேட்டதுமே படகைக் கரைக்குத் திருப்பச் சொல். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தம்பி அடம்பிடிப்பான். அப்போது நீ விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் பேசும்போது ‘மழை வருமாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. காலையில் தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு, எச்சரிக்கை நிறம் இது, அதனால் இத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று சொல். ஒருவேளை மழை வராமலே போனாலும் அறிக்கை பொய் என்று ஆகிவிடாது. வாய்ப்பு என்று சொன்னதன் பொருளே அதுதான்.

கிளம்பும் நாள் காலையில் அறிக்கையைப் படித்துவிட்டு எனக்கு போன் செய். எத்தனை மணிக்கு மலையேறப் போகிறீர்கள், ஏன் அந்த நேரம் என்று இரண்டையும் சொல். காரணம் சரியாக இருந்தால் உன் முடிவையே அப்பாவிடமும் நான் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா