அழித்த எழுத்தும் அமானத்தே



சென்ற மாதம் என் கடைக்கு வந்த ஒருவரிடம், சரக்கு அனுப்பவேண்டிய விலாசத்தை என் கைத்தொலைபேசியிலேயே எழுதித் தரும்படி கேட்டேன். அவர் தம் மைத்துனரின் பெயரை எழுதினார். எழுதியவுடன் விசைப்பலகையின் மேல் "பாக்கி" என்ற சொல் தானாகவே வந்து நின்றது. அந்த மைத்துனர் எனக்குக் கடன்பட்டவர். அவருக்குப் பலமுறை நினைவூட்டி எழுதியிருக்கிறேன். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை; முகம் மட்டும் மாறிற்று. நான் எவரிடமும் சொல்லாததை என் கைப்பொருளே சொல்லிவிட்டது! அதன்பின் விசாரித்து அறிந்தவற்றைக் கீழே எழுதுகிறேன்.

அது எதைக் கவனிக்கிறது?

முன்பெல்லாம் கடிதத்தை அடித்துத் திருத்தி, பிறகு சுத்தமாகப் பெயர்த்தெழுதி அனுப்புவோம். அடித்த தாள் அடுப்புக்குப் போகும். விசைப்பலகையோ நம் விரலுக்கும் கடிதத்துக்கும் நடுவே அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை. மூட்டை 95 வெள்ளி என்று எழுதி, அழித்து, 98 என்று மாற்றினால், வாங்குபவர் 98-ஐ மட்டுமே காண்பார். விசைப்பலகை இரண்டையும் கண்டிருக்கும். அது நீட்டிய சொல்லை ஏற்றோமா தள்ளினோமா, எதை அழித்து எதை எழுதினோம் என்பவற்றைக் கொண்டே அது நம் எழுத்து வழக்கத்தைக் கற்கிறது. பிழை திருத்துவதும் அடுத்த சொல்லை எடுத்துத் தருவதும் இதனால்தான். ஆகவே, கற்பது முழுவதும் தீமையன்று. கற்றதை எங்கே வைக்கிறது என்பதே கேள்வி.

எங்கே வைக்கிறது?

சில விசைப்பலகைகள் கற்றதைக் கைத்தொலைபேசிக்குள்ளேயே வைக்கின்றன. சில வெளியே அனுப்புகின்றன. கூகுள் நிறுவனம் 2017-ல் தன் ஜிபோர்டுக்கு ஒரு முறையை அறிவித்தது. அதன்படி எழுத்து கருவியிலேயே தங்கும். கற்ற பாடத்தின் சுருக்கம் மட்டும் நிறுவனத்துக்குச் செல்லும். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், ஏ.ஐ.டைப் என்னும் விசைப்பலகையை உபயோகித்த 3 கோடியே 10 லட்சம் பேருடைய விவரங்கள், கடவுச்சொல் பூட்டுக்கூட இல்லாமல் இணையத்தில் கிடந்தது அம்பலமாயிற்று. 2024-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், 9 நிறுவனங்களின் சீனமொழி விசைப்பலகைகளைச் சோதித்தது. அவற்றுள் 8 நிறுவனங்களுடையவற்றில், அனுப்பும் எழுத்தை வழியிலேயே பிறர் படிக்கக்கூடிய ஓட்டைகள் இருந்தன.

மார்க்கம் காட்டும் வழி

கடனை எழுதிவைக்கக் கட்டளையிடும் ஆயத்து சூரத்துல் பகராவில் உள்ளது. குர்ஆனில் மிக நீளமான ஆயத்து அதுவே. எழுதுபவர் நீதியுடன் எழுதவேண்டும் என்பதும் அதில் அடங்கும். பிறர் குறையைத் துருவுவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. எனவே கடனை எழுதுவது கடமை. கடன்பட்டவரின் மானத்தைக் காப்பதும் கடமை. நாம் எழுதி அழித்த பெயரும் நம்மிடம் அமானத்தே.

செய்யவேண்டியவை

1. பெயர் தெரியாத விசைப்பலகைகளை, அழகுக்காகவோ இலவசம் என்பதற்காகவோ இறக்கிக்கொள்ளாதீர்கள்.

2. புதியதைச் சேர்க்கும்போது ஆண்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும். கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் அது சேகரிக்கக்கூடும் என்பதே அதன் பொருள். படிக்காமல் சம்மதிக்காதீர்கள். ஐபோனில் "முழு அணுகல்" கேட்டால், தேவையின்றிக் கொடுக்காதீர்கள்.

3. கற்ற சொற்களை அழிக்க அமைப்புகளில் வழியுண்டு. ஐபோனில் விசைப்பலகை அகராதியை மீட்டமைக்கலாம். ஜிபோர்டிலும் கற்றவற்றை நீக்கலாம். கைத்தொலைபேசியை விற்குமுன் அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிடுங்கள்.

4. கடைக் கைத்தொலைபேசியைப் பிறரிடம் எழுதக் கொடுக்காதீர்கள். தாளும் பேனாவும் கொடுங்கள்.

அந்தச் சகோதரரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். கடன் இன்னும் நிற்கிறது; ஸலாமும் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நம் செயல்களை எழுதும் வானவர்களை நாம் நியமிக்கவில்லை. கையிலுள்ள இந்த எழுத்தரை நியமிப்பவர் நாமே. கணக்கப்பிள்ளையை வேலைக்கு அமர்த்துமுன் எவ்வளவு விசாரிப்போமோ, அவ்வளவு இதையும் விசாரிப்போமாக. வஸ்ஸலாம்.