எடுத்தலும் வைத்தலும்

பால் வற்றிய பசுக்களையும் பிணியுற்ற கால்நடைகளையும் கொல்லாது இறுதிவரை பேணும் பிஞ்சராபோல்களை நம்மவர் நன்கறிவர். சென்னை அயனாவரத்தில் உள்ளது 1906-இல் தோன்றியது. இத்தகைய இடங்களுக்குத் தொண்டு செய்யச் செல்லும் இளைஞர் பலர், இரக்கம் ஒன்றே போதும் என்று கருதுகின்றனர். அது போதுமா என்பதற்கு இராமேசுவரம் தீவில் விடை கிடைக்கிறது.

தனுஷ்கோடிக் கரையில் தை மாதம் தொடங்கிப் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. ஒன்றரை அடி ஆழம் குழி பறித்து, 100 முட்டைகளுக்கு மேலும் இட்டு, மணலால் மூடிக் கடலுக்குத் திரும்புகின்றன. தாய் மீண்டும் வந்து பார்ப்பதில்லை. நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடும். ஆதலின் வனத்துறையினர், விடியுமுன் கரையோரம் நடந்து முட்டைகளைத் திரட்டி, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர். தன்னார்வலரும் இப்பணியில் உடன் நிற்பதுண்டு.

முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டை புரண்டால் கரு மடியும். காக்க வந்த கையே கொன்ற கையாகிவிடும்! எனவே மேற்புறம் மேலாகவே இருக்க எடுத்து, குலுங்காமல் சுமந்து, முன்பிருந்த ஆழத்திலேயே வைத்தல் வேண்டும். மணலின் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பதால் நிழலும் அளவோடு அமைய வேண்டும்.

அகிம்சை விரதத்தின் பாவனைகள் ஐந்தனுள் ஆதான நிக்ஷேபண சமிதியும் ஒன்றன்றோ? பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் பார்த்துச் செய்தல் என்பது அதன் பொருள். கமண்டலத்தை வைக்குமுன் முனிவர் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதனைத் துறவியர்க்கே உரிய சடங்கென்று ஒதுக்கிவிட்டோம். பொரிப்பகத்தில் அது ஒவ்வொரு முட்டைக்கும் தேவைப்படுகிறது.

நாயைக் கல்லெறிந்து விரட்டலாமா எனச் சிறுவர் கேட்பர். நாயும் ஐம்பொறி உயிரே, பசிக்குத் தோண்டுகிறது. வேலி இருக்கக் கல் எதற்கு?

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மணலைப் பிளந்து வெளிவரும். கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை அப்போது எல்லோர்க்கும் எழும் (பெரியவர்களுக்கே மிகுதி). குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையது. நம் கைவிளக்கு அதனைத் திசை தவறச் செய்யும். விளக்கை அணைத்து, விலகி நின்று, அது தானே ஊர்ந்து அலையை அடைய விடுதல் வேண்டும். திரும்பும்போது காலடியில் பின்தங்கிய குஞ்சு ஏதும் உண்டா என்று பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும்.