இருமலை மறைக்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்

முகாமிலிருந்து பேராதனைக்குத் திரும்பியுள்ள குடும்பங்களே,

நெரிசலான இடத்தில் தொற்றிய காசநோய் (சயரோகம்) பல மாதங்களின் பின்னரும் வெளிப்படலாம். நோயாளி இருமும்போது வெளிவரும் கிருமிகள் மூடிய அறையின் காற்றில் பல மணிநேரம் தங்கும். கோப்பை, தட்டு, உடை மூலம் இந்நோய் பரவாது. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• குளிர் என்று யன்னல்களை அடைக்காதீர்கள். பகலில் காற்றும் வெயிலும் உள்ளே வரட்டும்.

• இருமும்போது கைக்குட்டையால் அல்லது முழங்கை மடிப்பால் வாயை மூடுங்கள். கண்ட இடத்தில் துப்பாதீர்கள்.

• குழந்தைக்குப் பிறந்தவுடன் பிசிஜி தடுப்பூசி போடப்பட்டதா என்று சுகாதார அட்டையில் பாருங்கள்.

வைத்தியரிடம் செல்ல வேண்டிய நேரம்:

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கண்டியிலுள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ செல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

முகாமில் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு:

சிகிச்சை அட்டையுடன் உடனே அங்கு பதிவு செய்யுங்கள். ஒரு நாளும் இடைவெளி விடாதீர்கள். வழமையான சிகிச்சைக்குக் குறைந்தது 6 மாதங்கள் தேவை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தினால்தான், பயப்படாதீர்கள். சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.